முழங்கால் மரியாதை

தையல் மெஷின்கள் மாடியேறிக்கொண்டிருந்தன. மிதி மெஷின் ஒவ்வொன்றுக்கும் இரண்டு ஆள் தேவைப்பட்டது. ஒருவன் இரும்புக் காலைப் பிடித்துக்கொண்டு பின்வாக்கில் படியேற, மற்றவன் கீழிருந்து பலகையைத் தோளால் முட்டுக்கொடுத்துத் தள்ளினான். படி திரும்பும் இடத்தில் எல்லா மெஷினும் சுவரை ஒரு தடவை இடித்துவிட்டுத்தான் போயின. நேற்று அடித்த மஞ்சள் பெயின்ட் அங்கே மட்டும் பெயர்ந்து சிமென்ட் தெரிந்தது.

படிக்கட்டின் கீழே தன் மூன்று சக்கர வண்டியில் பபீரியே காத்திருந்தாள். மடியில் துண்டு சுற்றிய கைமெஷின். சிறு வயதுக் காய்ச்சலில் கால்கள் இரண்டும் சூம்பிப்போனதால் மிதி மெஷின் அவளுக்கு ஆகாது. வலது கையால் சக்கரத்தைச் சுற்றி, இடது கையால் துணியைத் தள்ளியே ஊரில் பாதிப் பெண்களுக்குக் கோமெசி தைத்துக் கொடுத்திருக்கிறாள். பெண் பார்க்கும் சடங்கானாலும் சாவு வீடானாலும் பெண்கள் தரை வரை தொங்கும் இந்தக் கோமெசி உடையைத்தான் கட்டியாக வேண்டும். தோள் முனை இரண்டும் கூர்ந்து நிற்க வேண்டும், இடுப்புக் கச்சை முன்னால் தொங்க வேண்டும், உட்கார்ந்தாலும் மண்டியிட்டாலும் கால் வெளியே தெரியக் கூடாது. பபீரியே தைத்ததில் தெரியாது.

"என்ன பபீரியே, மெஷினுக்கு மாடிய வேடிக்கை காட்டிட்டிருக்கியா?" என்றான் கிகோசி. ஆண்களுக்குக் கோட்டு தைப்பவன். தன் மெஷினை மேலே விட்டுவிட்டு, கழுத்தில் தொங்கிய அளவு நாடாவால் முகத்து வியர்வையைத் துடைத்துக்கொண்டு இறங்கி வந்திருந்தான்.

"ஆமா. இவ்வளவு உயரத்துலேர்ந்து விழுந்தா உடைஞ்சுபோவேன்னு அழுவுது."

"அதுக்கு அழத் தெரியும். உனக்குத்தான் தெரியாது."

பழைய தகரக் கொட்டகைச் சந்தையை இடித்துவிட்டு நகராட்சி மாடியோடு புதுச் சந்தை கட்டியிருந்தது. வாழைக்காய், இறைச்சி, மீன், தக்காளி எல்லாம் கீழே. தையல்காரர்களும் செருப்புக் கடைகளும் முடி பின்னுகிறவர்களும் மேலே. சனிக்கிழமை திறப்பு விழா. அதற்குள் சாமானோடு வந்து உட்காராதவர்களின் கடை அடுத்தவருக்குப் போய்விடும் என்று ஒலிபெருக்கி கட்டிய வண்டியில் சொல்லிக்கொண்டு போனார்கள். அன்றிலிருந்து சாலையோர வராந்தாக்களில் ஒருவரும் மெஷின் போடக் கூடாது என்றும் சொன்னார்கள். பபீரியே இத்தனை வருஷம் தைத்துக்கொண்டிருந்தது ஓர் இரும்புக் கடை வராந்தாவில். அவள் உட்காரும் மூலையில் கடைக்காரர் முந்தாநாளே ஆணி மூட்டைகளை அடுக்கிவிட்டார்.

சந்தைக்குப் பின்பக்கம் மாடிக்குப் போகச் சரிவுப்பாதை இருந்தது. நன்றாகவே கட்டியிருந்தார்கள். நடுவில் ஒரு திருப்பம், இரண்டு பக்கமும் கைப்பிடிக் கம்பி. சிமென்ட் காய்ந்ததும் மோட்டார் சைக்கிள் பையன்கள்தான் அதில் முதலில் ஏறினார்கள். மேலே போய் ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு இறங்குவது அவர்களுக்கு விளையாட்டாகிவிட்டது. உடனே அடிவாரத்தில் ஓர் இரும்புக் கதவைப் பற்றவைத்துப் பூட்டுப் போட்டுவிட்டார்கள்.

பபீரியே வண்டியின் கைப்பெடலைச் சுற்றிக்கொண்டு பின்பக்கம் போனாள். கதவுக்கு முன்னால் காவல்காரன் செயூனே கவிழ்த்த வாளிமேல் உட்கார்ந்து வேர்க்கடலை உரித்துக்கொண்டிருந்தான்.

"சாவி யார்கிட்ட இருக்கு?"

"சந்தை அதிகாரி ஐயாகிட்ட."

"ஐயா எங்க?"

"மேல."

"கொஞ்சம் போய்க் கேட்டுட்டு வாயேன்."

"கேட்டேன்க்கா. எந்த மோட்டார் சைக்கிள்காரன்கிட்ட காசு வாங்கினேன்னு என்னையே திருப்பிக் கேக்கறார். வேணுங்கறவங்க நேர்ல வந்து கேக்கட்டும்னுட்டார்."

"போன்ல கேட்டா?"

"போனா? நேர்ல வந்து வணக்கம் சொல்லாதவன் போன்ல என்ன மரியாதை குடுத்துடப் போறான்னு சொல்ற மனுஷன். நான் காவல்காரன்க்கா. கதவுக்குக் காவல். சாவிக்கு இல்ல." அவன் கை நிறையக் கடலையை அள்ளி நீட்டினான். அவள் வாங்கிக்கொண்டாள்.

திரும்பி வந்தபோது கிகோசி முதுகைக் குனிந்து காட்டினான். "ஏறு. ரெண்டே நிமிஷம். உன்ன ஒரு தடவை, உன் மெஷின ஒரு தடவை."

"இன்னிக்கு ஏத்துவ. சாயங்காலம்?"

"இறக்குவேன்."

"நடுவுல கக்கூசுக்குப் போகணும்னா? கக்கூஸ் கீழதான் இருக்கு."

அவன் தலையைச் சொறிந்தான்.

"நாலு பேரு அளவு குடுக்க வர்ற நேரத்துல நான் உன் முதுகுல தொங்கிட்டு வந்தா, துணியக் குடுப்பாங்களா, காசு போடுவாங்களா?" என்றாள் பபீரியே. சிரித்துக்கொண்டுதான் சொன்னாள்.

அவளுக்கு முதுகுகளைத் தெரியும். கூடப் பிறந்த இரட்டை நக்காத்தோவின் முதுகில்தான் பள்ளிக்கூடம் போனாள். நக்காத்தோவின் கழுத்துக்குப் பின்னால் எப்போதும் வியர்வை முத்து முத்தாக நிற்கும். மழை நாளில் இருவரும் சேற்றில் விழுவார்கள். ஒருநாள் நக்காத்தோ எழுந்திருக்காமல் சேற்றிலேயே உட்கார்ந்து, எனக்கும் முதுகு ஒன்றுதானே இருக்கிறது என்று அழுதாள். அவள் கல்யாணமாகிப் போன பிறகு இனி யார் முதுகிலும் ஏறுவதில்லை என்று பபீரியே முடிவு செய்துகொண்டாள். வெகுநாள் சேர்த்து வாங்கியதுதான் இந்த வண்டி. வண்டி போகாத இடத்துக்கு உள்ளங்கைகளில் டயர்ச் செருப்பை மாட்டிக்கொண்டு, முழங்காலில் ரப்பர் பட்டை கட்டிக்கொண்டு தவழ்ந்து போவாள்.

அப்படிப் போகும்போது ஒரு வேடிக்கை நடக்கும். அந்தப் பக்கத்தில் பெரியவர்களைக் கண்டால் பெண்கள் மண்டியிட்டுத்தான் நலம் விசாரிப்பார்கள். பபீரியே எப்போதும் அந்த உயரத்திலேயே இருப்பதால், அவளைத் தெரியாத வெளியூர்க்காரர்கள் அவள் சொல்லாத வணக்கத்துக்கும் பதில் சொல்லிவிட்டுப் போவார்கள். "எழுந்திரும்மா, நல்லா இருக்கியா?" என்பார்கள். அவளும் பதில் சொல்லிவைப்பாள். மசாகா ரோட்டில் போகிற கிழவர்களில் பாதிப் பேருக்கு நீ மருமகளாகிவிட்டாய் என்று தையல்காரர்கள் கேலி செய்வார்கள்.

மறுநாள் காலையில் அவள் பச்சைப் பட்டில் தனக்கென்று தைத்த கோமெசியைக் கட்டிக்கொண்டு வந்தாள். படியேறுவதற்கு அதைவிட மோசமான உடை கிடையாது. ஆனால் அதிகாரியைப் பார்க்கப் போகிறவள் வேலைக்குக் கட்டும் பழைய பாவாடையோடு போக முடியாது. வண்டியைப் படியோரம் நிறுத்தி இறங்கினாள். கச்சையின் நுனியைப் பல்லில் கடித்துக்கொண்டு, கைகளை மேல் படியில் ஊன்றி, இடுப்பைத் தூக்கி, முழங்கால்களை இழுத்து வைத்தாள். பிறகு அடுத்த படி. சிமென்ட் தூள் பட்டில் மாவாய் ஒட்டியது. மெஷின் தூக்கி வந்தவர்கள் சுவரோரம் ஒதுங்கி வழி விட்டார்கள். திருப்பத்தில் மூச்சு வாங்க நின்றபோது, மேலேயிருந்து இறங்கி வந்த முழுக்கைச் சட்டைக்காரர் ஒருவர் நின்று, "எழுந்திரும்மா, போதும்" என்று சொல்லிவிட்டுப் போனார். கச்சை வாயில் இருந்ததால் அவள் தலையை மட்டும் ஆட்டினாள்.

சந்தை அதிகாரி லுப்வாமாவின் அறை நடைவழியின் கடைசியில் இருந்தது. வாசலில் டயர்ச் செருப்புகளைக் கழற்றி ஓரமாக வைத்தாள். முகத்தைத் துடைத்து, கோமெசியின் கீழ்ப்பகுதியைச் சுற்றிலும் இழுத்துவிட்டு, கச்சையை மடியில் பரப்பிக்கொண்டு உள்ளே நகர்ந்தாள்.

லுப்வாமா மேசையிலிருந்து நிமிர்ந்தார். தோள்கள் கூர்ந்த பச்சைக் கோமெசியில், கைகளை மடியில் கோத்து, தன் அறை நடுவில் ஒரு பெண் மண்டியிட்டிருப்பதைப் பார்த்தார். உடனே பேனாவை மூடி வைத்தார்.

"எழுந்திரும்மா, எழுந்திரு. ராத்திரி எப்படிப் போச்சு?"

வணக்கம் தொடங்கிவிட்டது. தொடங்கியதை நடுவில் நிறுத்தும் வழக்கமில்லை. "நல்லாப் போச்சுங்கய்யா. உங்களுக்கு எப்படிப் போச்சுங்க?" என்றாள் பபீரியே.

"நல்லாப் போச்சு. உழைப்புக்கு நன்றிம்மா."

"உங்க உழைப்புக்கும் நன்றிங்கய்யா."

"வீட்டுல அமைதியா?"

"அமைதிதாங்க. உங்க வீட்டுல?"

"அமைதிதான். ம்ம்."

"ம்ம்."

"ம்ம்." லுப்வாமா நாற்காலியில் சாய்ந்தார். ஜன்னலோரம் காற்சட்டை போட்டுக்கொண்டு கணினியில் தட்டிக்கொண்டிருந்த உதவியாளர் பெண்ணின் பக்கம் திரும்பினார். "பாத்தியா நமுபீரு? இதான் வளர்ப்பு. நீ காலைல வந்து, நின்ன வாக்குல 'ஹலோ சார்'ங்கற. இந்தம்மா யாரு பெத்த பொண்ணோ, இந்த ரூமுக்குள்ள இப்படி ஒருத்தர் வந்து எத்தன நாளாச்சு." மறுபடி பபீரியேயிடம் குனிந்தார். "எழுந்து நாற்காலில உக்காரும்மா. சொல்லு, என்ன வேணும்? உனக்கு இல்லேன்னு சொல்ல மாட்டேன்."

"பின்பக்கச் சரிவு இருக்குல்லங்க, அதோட சாவி வேணுங்கய்யா."

"சாவியா? உக்காந்து பேசும்மா."

"உக்காந்துதாங்க இருக்கேன். இதான் என் உயரம்."

நமுபீரு தட்டுவதை நிறுத்தினாள். லுப்வாமா எழுந்து மேசை வழியாக எட்டிப் பார்த்தார். கோமெசி தரையோடு படிந்திருந்ததில் ஒன்றும் தெரியவில்லை. வாசலில் ஜோடியாக வைத்திருந்த டயர்ச் செருப்புகளைப் பார்த்தார். அவருடைய முகம் சற்றுச் சுருங்கியது. தனக்குக் கொடுத்த பொருளை யாரோ திருப்பி வாங்கிக்கொண்டது போல இருந்தது அவருக்கு.

"அப்படியா" என்று உட்கார்ந்தார். "அப்ப நீ மேல எப்படி வந்த?"

"படி வழியாத்தாங்க."

"தனியாவா?"

"தனியாத்தாங்க."

"வர முடிஞ்சுதுல்ல?"

பபீரியேவுக்கு அவர் பேச்சை எங்கே கொண்டுபோகிறார் என்று புரிந்துவிட்டது. இருந்தாலும் குரலை உயர்த்தவில்லை. "கையால ஏறி வந்தேங்க. தினம் மெஷினும் துணியுமா அப்படி ஏற முடியாதுங்கய்யா. பட்டுத் துணிய இழுத்துட்டு வந்தா யாரு வாங்குவாங்க? எனக்காகத்தானே அந்தப் பாதையக் கட்டியிருக்கீங்க."

"உனக்காகன்னு இல்ல. மேல இருந்து பணம் குடுத்தவங்க கட்டச் சொன்னாங்க. கட்டியாச்சு. தெறந்து விட்டா அந்தப் பொடிப்பசங்க மோட்டார் சைக்கிளோட ஏறி வர்றாங்க. யாரு மேலயாவது ஏத்திட்டா நான்தானே பதில் சொல்லணும்?" அவர் மேசை விளிம்பை விரலால் தட்டினார். பிறகு அவளைத் தலையிலிருந்து தரை வரை இன்னொரு முறை பார்த்தார். கோபம் போய், முகத்தில் வேறு ஒன்று வந்தது. "கோமெசி நீயே தெச்சதா?"

"ஆமாங்க."

"சனிக்கிழம சந்தையத் தெறக்கத் தலைநகர்லேர்ந்து ஒரு பெரியவர் வர்றார். மேல படி முடியற எடத்துல பூங்கொத்து குடுத்து வரவேற்க ஒரு பொண்ணு வேணும். முறையா மண்டியிட்டு. இவளுங்கள நம்ப முடியாது, முழங்கால் தரையில படுறதுக்குள்ள எழுந்துடுவாளுங்க. நீ குடுக்கறியா?"

"கதவு தெறந்திருக்குங்களா அன்னிக்கு?"

"தெறந்துதான் இருக்கும். சோபா ஏத்தணுமே."

"அதுக்கப்புறம்?"

"நீ மேல கட போட்டு உக்காந்துட்டா, நான் எப்படிம்மா பூட்டுவேன்?" என்றார் லுப்வாமா.

அவர் கேட்டது கேள்வி. பபீரியே அதைப் பதில் என்று எடுத்துக்கொண்டாள். நன்றி சொல்லி, விடைபெறும் வார்த்தைகளையும் வரிசையாகச் சொல்லிவிட்டு, பின்னோக்கி நகர்ந்து வெளியே வந்தாள். கீழே காத்திருந்த கிகோசியிடம் நடந்ததைச் சொன்னபோது அவன் விழுந்து விழுந்து சிரித்தான்.

"பூட்ட மாட்டேன்னு சொன்னாரா?"

"எப்படிப் பூட்டுவேன்னார்."

"அது ஒரு மாதிரி பேச்சு பபீரியே."

"ஒருத்தர் வாய்லேர்ந்து வர்றத நம்பாம வேற எத நம்புவ? கால்லேர்ந்து ஏதாவது வருமா?"

சனிக்கிழமை காலையில் கதவு திறந்திருந்தது. முதலில் மூன்று சோபாக்கள் ஏறின, அப்புறம் ஒலிபெருக்கிப் பெட்டிகள், பிறகு சமையல்காரர்களின் அலுமினியப் பானைகள். அவற்றுக்குப் பின்னால் பபீரியே. தள்ள வந்த கிகோசியின் கையைத் தட்டிவிட்டாள். கைப்பெடலைச் சுற்றச் சுற்ற வண்டி மெல்ல ஏறியது. சரியான சரிவு, சக்கரம் எங்கும் திணறவில்லை. திருப்பத்தில் கொஞ்சம் நின்று, மறுபடி சுற்றினாள். மேல்தளத்தின் வெயில் முகத்தில் அடித்தபோது அவளுக்குச் சிரிப்பு வந்தது. சத்தம் போட்டே சிரித்தாள். இத்தனை சந்தோஷம் ஒரு சிமென்ட்டுத் தரையில் இருக்கும் என்று அவள் நினைத்திருக்கவில்லை.

அவளுடைய கடை சாலையைப் பார்த்த கம்பித் தடுப்புக்கு அருகில். மேசைப் பலகையைத் துடைத்து மெஷினை வைத்தாள். எண்ணெய் விட்டு, நூல் கோத்து, கையிலிருந்த ஒரு துண்டுத் துணியில் நேராக ஒரு தையல் ஓட்டிப் பார்த்தாள். பக்கத்துக் கடைக்காரி வந்து, மகளுடைய சடங்குக்கு இரண்டு கோமெசி வேண்டும் என்று அப்போதே அளவு கொடுத்தாள். கடை திறந்தாகிவிட்டது. இனி அது அவளுடையது.

விருந்தினர் வரும் நேரத்தில் நமுபீரு பூங்கொத்தோடு வந்தாள். அன்று அவளும் கோமெசி கட்டியிருந்தாள். "அக்கா, வண்டிய மட்டும் கொஞ்சம் தூணுக்குப் பின்னால விட்டுடச் சொன்னார். போட்டோல விழக் கூடாதாம்." சொல்லும்போது அவள் பபீரியேயைப் பார்க்கவில்லை. பபீரியே இறங்கிக்கொள்ள, கிகோசி காலி வண்டியைத் தள்ளிக்கொண்டு போனான்.

பெரியவர் மூச்சிரைக்கப் படியேறி வந்தார். படி முடியும் இடத்தில் பச்சைக் கோமெசிக்காரி பூங்கொத்தை இரண்டு கையாலும் நீட்டினாள். காமிராக்கள் மின்னின. "எழுந்திரும்மா" என்று அவள் தலையைத் தொட்டார் பெரியவர். அவள் எழவில்லை. அதையும் பெரிய மரியாதை என்று எடுத்துக்கொண்டு அவர் அவளுக்குப் பக்கத்திலேயே நின்று பேசினார். பண்பாடு அழியவில்லை என்றார். இந்தச் சந்தை எல்லாருக்குமானது என்றார். பின்பக்கம் கையைக் காட்டி, மாற்றுத்திறனாளிகளுக்கென்றே தனிப்பாதை அமைத்திருப்பதை எடுத்துச் சொன்னார். "இன்னிக்கு அவங்கள்ல யாரும் வரல போலிருக்கு. வருவாங்க" என்றார். எல்லாரும் கைதட்டினார்கள். லுப்வாமாவும் தட்டினார். கிகோசி மட்டும் வாயைத் திறக்கப் போனான். பபீரியே அவனைப் பார்த்துத் தலையசைத்துத் தடுத்தாள். கடை கிடைத்துவிட்டது, கதவும் திறந்திருக்கிறது, இன்று வேண்டாம் என்று அவளுக்குத் தோன்றியது.

சோறும் இறைச்சியும் பரிமாறினார்கள். கூட்டம் கலைந்தது. அளவு கொடுத்த துணியை வெட்டி முடித்துவிடலாம் என்று பபீரியே சாயங்காலம் வரை உட்கார்ந்துவிட்டாள். கிளம்பும்போது, அவள் உட்கார்ந்த வண்டி இறக்கத்தில் ஓடிவிடாமல் கிகோசி பிடித்துக்கொண்டு வந்தான். சரிவின் திருப்பத்தில் நின்றுவிட்டான்.

கீழே கதவு பூட்டியிருந்தது.

"செயூனே" என்று கிகோசி கத்தினான். காவல்காரன் கம்பிக்கு அந்தப் பக்கம் எண்ணெய்க் கையோடு வந்து நின்றான்.

"சோபா எறங்கினதும் பூட்டச் சொல்லிட்டாருக்கா. சாவிய அவரே வாங்கிட்டுப் போயிட்டார். பெரியவரோட ஓட்டல்ல இருக்கார்."

"நான் மேல இருக்கறது அவருக்குத் தெரியுமா?" என்றாள் பபீரியே.

"சொன்னேன்."

"என்ன சொன்னார்?"

செயூனே கையைக் காற்சட்டையில் துடைத்தான். "அந்தம்மாவுக்குத்தான் படி தெரியுமேன்னார்."

கிகோசி கெட்ட வார்த்தை ஒன்றைச் சொன்னான். கீழே ஓடிப் போய்ப் பூட்டைக் காலால் உதைத்தான். பிறகு திரும்பி அவளுக்கு முன்னால் வந்து முதுகைக் காட்டி உட்கார்ந்தான். சட்டைக் காலருக்கு மேலே அவன் கழுத்தில் வியர்வை நின்றது. பபீரியே அதைக் கொஞ்ச நேரம் பார்த்தாள்.

"வண்டியத் திருப்பு. என் கடைக்கு முன்னால நிறுத்து. நான் படியில எறங்கிக்கறேன்" என்றாள்.

படியிறங்குவது ஏறுவதைவிடக் கஷ்டம். உடம்பு முழுவதும் கைகளின் மேல் விழும். கீழே வந்து சேர்ந்தபோது கோமெசியின் கீழ்க்கரை ஒரு பக்கம் கிழிந்திருந்தது. கிகோசியை வாடகை மோட்டார் சைக்கிள் பிடித்து வர அனுப்பிவிட்டு, டயர்ச் செருப்புகளில் ஊன்றிச் சாலையோரம் வரை வந்து நின்றாள். மேலே, கம்பித் தடுப்புக்குப் பின்னால், அவளுடைய வண்டி சாலையைப் பார்த்து நின்றிருந்தது.

சைக்கிளில் வாழைத்தார் கட்டி வந்த ஒரு கிழவர் அவளைக் கண்டதும் இறங்கினார். வெளியூர்க்காரர். சைக்கிளை இடுப்பில் சாய்த்துக்கொண்டு தொப்பியைக் கழற்றினார்.

"எழுந்திரும்மா. பொழுது எப்படிப் போச்சு?"

பபீரியே கைகளைத் தரையிலிருந்து எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

"நல்லாப் போச்சுங்கய்யா. உங்களுக்கு எப்படிப் போச்சுங்க?"

"நல்லாப் போச்சு. உழைப்புக்கு நன்றிம்மா."

"உங்க உழைப்புக்கும் நன்றிங்கய்யா."

"வீட்டுல அமைதியா?"

"அமைதிதாங்க."

"ம்ம்."

"ம்ம்."

வணக்கம் முடிந்தது. முழு வணக்கமும் சொல்லி மண்டியிட்ட பெண் எழுவதற்கு முன் கிளம்பிப் போவது மரியாதை இல்லை என்பதால், அந்தக் கிழவர் தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு, அவள் எழுவதற்காகக் காத்து நின்றார்.